இருபத்திரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தபடி என்னிடம் வந்தது. நான் எழுத்தாளன் அல்ல என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். லண்டனில் டூட்டிங் பகுதியில் அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாண அட்டை, கோயில் மலர், கடைக்காரர்களின் கலண்டர், எது வந்தாலும் அடிப்பேன். 1998 மாசியில் ஹலினா என்ற போலந்துப் பெண் அந்த டின்னை என் மேசையில் வைத்து, "எங்கள் வெண்நாரை கூடைப்பந்தாட்டக் கழகத்துக்கு ஐம்பது வயது. வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும்" என்றாள்.

(வெண்நாரை என்று லண்டனில் தேடி அலையாதீர்கள். அது நான் சூட்டிய பெயர். ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும்.)

போர் முடிந்து, நாடு திரும்ப வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட போலந்துச் சிப்பாய்கள் 1948இல் தொடங்கிய கழகம் அது. ஐம்பது ஆண்டுகளில் அவர்கள் வென்றது ஒரே ஒரு கோப்பை, 1989இல். டின்னுக்குள் படங்களும் கடிதங்களும் கிடந்தன. அடியில் அந்த இறுதியாட்டத்தின் புள்ளித்தாள்.

"கீழே கிறுக்கியிருப்பது யானுஷாம்; அன்று நான் ஆட்டத்துக்குப் போகவில்லை. கடைசிப் புள்ளியை எடுத்தவன். அவன் கையெழுத்து யாருக்கும் விளங்காது" என்று ஹலினா சிரித்தாள்.

எனக்கு விளங்கியது! தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நல்ல தமிழில், சுழியெல்லாம் அழகாகச் சுழித்து, 'செ. செபமாலைமுத்து' என்று எழுதியிருந்தது.

2

அன்றிரவே எழுதத் தொடங்கினேன் என்று சொன்னால் எடுப்பாக இருக்கும். உண்மையில் மறுநாள் மத்தியானம், சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில்.

முதல் தொடக்கம்: "லண்டனைப் பனி மூடியிருந்த ஒரு காலைப்பொழுதில்" விட்டுவிட்டேன். ஆட்டம் நடந்தது சித்திரையில், பனிக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது: "கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு" இதென்ன பள்ளிக்கூடக் கட்டுரையா?

மூன்றாவது: "செபமாலைமுத்து நெடுநெடுவென்று வளர்ந்தவன்." பொய். ஐந்தடி ஏழங்குலம், அதுவும் சப்பாத்தோடு.

நான்காவது: "செபமாலைமுத்து தவறான கதிரையில் உட்கார்ந்தான்." இதுதான்! வாருங்கள், உள்ளே போவோம்.

3

செபமாலைமுத்து தவறான கதிரையில் உட்கார்ந்தான்.

1988 மார்கழி. யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து வந்து ஒரு வருடம். பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை. அறைக்குப் பக்கத்தில் தேவாலயம் இருக்கிறதே என்று ஞாயிறு பூசைக்குப் போனால், பூசை போலந்து மொழியில் நடந்தது. ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுப் பூசையும் கண்டுவிட்டுத்தான் வெளியே வந்தான்.

பக்கத்து மண்டபத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட அணியில் ஐந்து வருடம் ஓடிய கால்கள் அவனைக் கேட்காமலே உள்ளே போயின. ஓரமாக ஒரு நீண்ட மர வாங்கு. அதில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். வாங்கின் முனையில் ஒரு கதிரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. போய் உட்கார்ந்தான்.

பந்துச் சத்தம் சட்டென்று நின்றது. மண்டபமே அவனைப் பார்த்தது.

அவனுக்குத் தெரியாத விஷயம் இது: நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல்நாள் போலந்துக்காரர் சாப்பாட்டு மேசையில் ஓர் இடத்தை வெறுமையாக விடுவார்கள். சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு அந்த இடம். சிப்பாய்கள் அந்த வழக்கத்தைக் கழகத்துக்கும் கொண்டுவந்து, வாங்கின் முனையில் ஒரு கதிரையைப் போட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக அதில் எவரும் உட்கார்ந்ததில்லை.

"சொறி, சொறி" என்று முத்து பதறி எழும்பினான். பயிற்சியாளர் கஜிமிர், அவர்தான் ஹலினாவின் தகப்பன், அவன் தோளை அழுத்தித் திரும்ப இருத்தினார். "நாற்பது வருடம் பிந்தி வந்திருக்கிறாய். விளையாடத் தெரியுமா?" என்று கேட்டார்.

[இவ்வளவு பொருத்தமாகவா ஒரு மனிதர் பேசுவார்? எனக்கே சந்தேகம் வந்து பிறகு முத்துவிடம் கேட்டேன். "இல்லை அண்ணை, சப்பாத்தைக் கழட்டு, நிலம் பழுதாப்போகும் எண்டுதான் சொன்னவர்" என்றான். இருக்கட்டும். நான் எழுதியதை மாற்றப்போவதில்லை.]

4

அந்தப் பருவத்துக்கான பெயர்ப்பதிவு ஏற்கெனவே முடிந்திருந்ததால் முத்து பயிற்சிக்கு மட்டும் வந்து போனான். பழைய ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பைத்தியம். பதிவில் எஞ்சியிருந்தவர்கள் ஐந்தே பேர். அப்படியிருந்தும், எப்படியோ தத்தித் தத்தி, 1989 சித்திரையில் கழகம் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது.

அன்று பார்த்து யானுஷ் வரவில்லை. கனடாவுக்குப் போய்விட்டதாகக் கடிதம்தான் வந்தது. நாலு பேரோடு ஆட்டத்தைத் தொடங்க முடியாது. ஆட்டம் நடக்காவிட்டால் கழகத்தை மூடிவிடுவதென்று கமிட்டி முன்பே தீர்மானித்திருந்தது.

கஜிமிர் யானுஷின் ஆட்டக்காரர் அட்டையை முத்துவின் கையில் வைத்தார். அட்டையில் படம் இல்லை. பெயரும் பிறந்த திகதியும் மட்டும்தான்.

முத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லண்டனுக்கும் அவன் வேறொருவனின் பாஸ்போட்டில்தான் வந்தவன். ஹீத்ரோவில் இறங்கித் தன் சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னபோது அழுதே விட்டான். இனி எவன் பெயரிலும் போவதில்லை என்று மாதாவிடம் சத்தியமும் செய்திருந்தான். வாங்கில் இருந்த நாலு முகங்களையும் பார்த்தான். மாதா மன்னிப்பாள் என்று சட்டையை மாட்டினான்.

நடுவர் அட்டையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார்.

"யானுஷ் வில்க்?"

"யேஸ்."

"போலந்தா?"

கஜிமிர் குறுக்கே புகுந்தார். "தெற்குப் பக்கம். அங்கே வெயில் கூட."

நடுவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு விசிலை வாயில் வைத்தார்.

ஐயோ, அந்த ஆட்டத்தை நான் எப்படி எழுதுவேன்! எழுதும்போதே கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. முன்னே போகிறார்கள், பின்னே விழுகிறார்கள், திரும்ப எட்டிப் பிடிக்கிறார்கள். அரை நிமிடம் இருக்கும்போது 57–57. அப்போது பார்த்துக் கப்டன் கால் பிரண்டு விழுந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்றுக்கு ஆளில்லை, நாலு பேர்தான். நாலு விநாடி இருக்கும்போது எதிரணிக்காரன் முத்துவை இடித்து விழுத்தினான். தடுப்பார் இல்லாமல் கூடைக்கு எறிய முத்துவுக்கு இரண்டு வாய்ப்பு. ஒன்று விழுந்தாலும் கோப்பை.

முதல் பந்தை எறிந்தான். வளையத்தின் இடது விளிம்பில் பட்டு வெளியே போனது.

(பாசையூர் மைதானம் கடற்கரையோரம். கச்சான் காற்று பந்தை வலப்பக்கம் தள்ளும். கூடைக்கு ஒரு சாண் இடப்பக்கம் பார்த்து எறிந்தால்தான் உள்ளே விழும். நாலு மாதம் மண்டபத்துக்குள் எறிந்து எறிந்து மாற்றிய பழக்கம், பதற்றத்தில் திரும்பி வந்துவிட்டது.)

"மடையா, இஞ்ச காத்தில்லை" என்று தன்னையே திட்டினான். இரண்டாவது பந்தை நேரே எறிந்தான். அது வளையத்தில் உரசக்கூட இல்லை. 58–57!

ஆள்மேல் ஆள் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். கஜிமிர் குழந்தைபோல அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போன கப்டனுக்குப் பதிலாக யாராவது புள்ளித்தாளில் ஒப்பமிட வேண்டும் என்று, மேசையில் இருந்தவர் முத்துவிடம் பேனாவை நீட்டினார். அந்தச் சந்தோசத்தில் முத்து தான் யானுஷ் என்பதையே மறந்துபோனான்.

5

ஒன்பது வருடம் கழித்து அவனை நான் தேடி அலையவில்லை. அவன் கலியாண அட்டையை அடித்தவனே நான்தான். டின் வந்த அன்றே போன் பண்ணியதும் பெற்றோல் செட் சட்டையோடு வந்தான். தாளைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"இதையேன் அண்ணை தோண்டி எடுத்தனீங்கள்?"

"உன்ர பேரைப் போடப்போறன்."

"வேண்டாம். போட்டா கோப்பை போயிடும். வேற ஆளின்ர அட்டையில விளையாடினா ஆட்டமே செல்லாது எண்டு லீக் சட்டம் இருக்கு. கஜிமிருக்கு எழுவத்தாறு வயசு. அந்த மனுசன்ர கையிலயிருந்து பறிக்கவே சொல்லுறியள்?"

"அப்ப யானுஷ் எண்டு அடிக்கட்டோ?"

அவன் தாளின் ஓரத்தைத் தடவினான். பிறகு சொன்னான்: "என்ர மனுசி அஞ்சலீனாவுக்குப் பத்துத்தரம் சொல்லிப்போட்டன், கலியாணத்துக்கு முதல் லண்டனில நான் கப் அடிச்சனான் எண்டு. ஒவ்வொருதரமும் 'ஓம் ஓம், சாப்பிடுங்கோ' எண்டுறா." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "ஒருக்கா நம்பினாப் போதும் அண்ணை."

6

முடிவு அ: யானுஷ் என்றே அடிப்பது. கோப்பை தப்பும். அடிக்கத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

முடிவு ஆ: முத்து என்று அடிப்பது. புத்தகம் வெளியான மறுவாரம் லீக்கிலிருந்து ஓர் ஆள் வந்து, கண்ணாடி அலுமாரியைத் திறந்து, கிழவர் பார்த்துக்கொண்டிருக்க... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

முடிவு இ: விழா மேடையில் கஜிமிரே எழுந்து உண்மையைச் சொல்வது. கைதட்டல் விழும். ஆனால் ஏற்கெனவே ஒருதரம் அவர் வாயில் வசனம் வைத்துவிட்டேன். இன்னொருதரம் அவரைக் கேட்காமல் வைப்பது சரியில்லை.

ஆகவே கேட்டேன். கஜிமிர் தடியூன்றி அச்சகத்துக்கு வந்தார். புள்ளித்தாளைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்றைக்கே பார்த்துவிட்டேன். டின்னின் அடியில் ஒளித்துவைத்தேன். எரிக்கத்தான் மனம் வரவில்லை" என்றார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் லண்டனில் எத்தனை பேர்?"

"பல ஆயிரம்."

"லீக் கமிட்டியில்?"

"ஒருவருமில்லை."

கிழவர் மேசையில் ஓங்கித் தட்டினார். தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. "அப்படியென்றால் தாளை அப்படியே போடு. முழுப் பக்கத்துக்கு!"

7

அடித்தேன். இருபத்திரண்டாம் பக்கம் முழுவதும் அந்தத் தாள்தான். கீழே 'இறுதியாட்டம், 1989' என்று மட்டும் போட்டேன். யார் பெயரையும் போடவில்லை. விழாவில் போலந்துக்காரரும் வெள்ளைக்காரரும் அந்தக் கிறுக்கலைப் பார்த்து, யானுஷின் கையெழுத்து எவ்வளவு மோசம் என்று சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார்கள்.

முத்து புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனான். அஞ்சலீனா அதை வாங்கி, கலியாணப் பதிவில் தன் பெயருக்குப் பக்கத்தில் பார்த்த அதே கையெழுத்தை... இல்லை, நான் அங்கே இருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது மறுநாள் முத்து கடைக்கு வந்து இன்னும் ஐந்து பிரதி கேட்டதுதான். "தங்கச்சிமாருக்கு அனுப்பவேணுமாம் அண்ணை. இரவு முழுக்க அந்தக் கடைசிப் பந்தைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவா" என்றான்.

கழகத்தின் பெயரை மாற்றினேன். மற்ற எல்லோர் பெயரையும் மாற்றினேன். ஒரே ஒருவனுடைய பெயரை மட்டும் மாற்றவில்லை. அது இப்போது உங்களுக்கும் தெரியும். எந்தக் கழகம் என்று துருவிக் கண்டுபிடிப்பது உங்களில் கெட்டிக்காரருக்குப் பெரிய வேலையும் அல்ல. கோப்பை அலுமாரியில் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதை இனி நீங்கள் தீர்மானியுங்கள். லீக்குக்குக் கடிதம் போட்டே ஆகவேண்டும் என்று நினைத்தால் தாராளமாகப் போடுங்கள்.

தமிழில் எழுதிப் போடுங்கள்.