தண்ணீர் புழங்கும் இடம்

மேக் நாப் வலது காலைக் குளியலறைத் தரையில் வைத்த வேகத்தில் வழுக்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இரவு அடித்த சாரலில் தரை லேசாக ஈரமாகியிருந்தது, அவ்வளவுதான். கற்பூரமும் இலந்தை இலையும் ஏந்திப் பின்னால் வந்த இரண்டு பெண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அந்த மலாய்க் கிராமத்தில் இறந்துபோகும் பெண்களையெல்லாம் முப்பது வருஷமாகக் குளிப்பாட்டி அனுப்புகிறவள் மேக் நாப். செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை கட்டைவிரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இங்க ஆகாது. நான் விழுந்தாக்கூடப் பரவால்ல. கையில இருக்கிறவங்களைக் கீழ விட்டுறக் கூடாது."

ஜவாவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தரையைப் போட்டவன் அவன். முன்கூடத்தில் பாத்திக் சாரோங் போர்த்திக் கிடப்பது அவன் தாய் மேக் சொம்; அவன் கூப்பிடுவது மாக் என்று. பத்தொன்பது நாளுக்கு முன்பு, விடியற்காலை சுப்ஹு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவள் இதே தரையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது. இன்று விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

இருபத்தொரு வருஷமாக ஜவாவிக்குத் தரை போடுவதுதான் தொழில். தும்பாட்டிலிருந்து கோத்தா பாரு வரை அவன் போட்ட தரையை மிதிக்காதவர்கள் குறைவு. மீன் சந்தைக்கு உப்புத்தாள் போலச் சொரசொரப்பான கல், கிளினிக்குக்கு இணைப்பே தெரியாத வினைல் விரிப்பு, பள்ளித் தாழ்வாரத்துக்கு எத்தனை பிள்ளைகள் ஓடினாலும் தேயாத மொசைக் என்று ஆளைப் பார்த்து அல்ல, இடத்தைப் பார்த்துப் போடுவான். வெள்ளம் வருகிற ஆற்றோரத்து வீட்டில் யாராவது மரச்சாயல் விரிப்பு கேட்டால், ஒரே மழையில் அப்பளமாகப் பொரிந்துவிடும் என்று சண்டை போட்டுத் தடுப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தில் இந்த வீட்டின் பின்பாதி போயிற்று. முன்பாதி தூண்மேல் நின்ற பலகை வீடாகவே தப்பியது. பின்னால் மண்ணைக் கொட்டி உயர்த்தி அடுப்படியும் குளியலறையும் கட்டினான். மாக் கேட்டது வெறும் சிமெண்ட் தரை. காய்வதற்குள் துடைப்பத்தால் கோடு இழுத்துவிடு, காலுக்குப் பிடிப்பு இருக்கும் என்றாள். பெருநாளைக்கு வருகிறவர்கள் டைல்ஸ்காரன் வீட்டில் சிமெண்ட் தரையா என்று சிரிப்பார்களே என்று இவனுக்கு இருந்தது. ஒரு ஹோட்டல் முகப்புக்குப் போட்டு மிஞ்சிய பதினொரு பெட்டி டைல்ஸ் கையில் இருந்தது. முகம் தெரிகிற பளபளப்பு. ஒரே வாரத்தில் ஒட்டி முடித்தான்.

மாக் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்துக்கொண்டாள். இவன் வரும்போதெல்லாம் அசிங்கமாக இருக்கிறது என்று சாக்கை எடுத்து வேலியில் போடுவான். இவன் போனதும் அவள் திரும்ப விரிப்பாள். அவள் விழுந்த அன்று சாக்கு வேலியில் கிடந்தது.

குளிப்பாட்ட வேறு இடம் தேடியதில் மாக்கின் படுக்கையறைதான் சரி என்று மேக் நாப் முடிவு செய்தாள். பழைய பலகைத் தரை. மூன்று பலகையைப் பெயர்த்தால் தண்ணீர் நேரே வீட்டுக்கு அடியில் இறங்கிவிடும். ஜவாவி கடப்பாரை எடுத்துவரப் பின்பக்கம் போனான். அவன் அக்கா ரொக்கியா பின்னாலேயே வந்தாள்.

"வாவி, கேளு. தலை சுத்தி விழுந்தாங்கன்னுதான் டாக்டர்கிட்ட சொன்னேன். வந்தவங்க எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கேன்."

அவன் கடப்பாரையின் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீயும் அதையே சொல்லு" என்றாள்.

"தலை சுத்தினதா, காக்?"

அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

ஆணிகள் துருவேறி மரத்தோடு மரமாகியிருந்தன. பக்கத்து வீட்டுப் பாக் டோ பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். துக்க வீட்டில் கை சும்மா இருந்தால் வாய் சும்மா இராத மனிதர். மேக் சொம் எவ்வளவு கொடுத்துவைத்தவள், பிள்ளை ராஜா வீட்டுக்குப் போடுவது போலல்லவா போட்டுக் கொடுத்திருக்கிறான் என்றார். முன்கூடத்தில் யாசீன் ஓதுகிற சத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. அந்த இடைவெளியில் அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"எங்க குளியலறையும் பேந்து கிடக்கு. உன் மாமிக்கும் முட்டி வலி. நாற்பதாம் நாள் முடியட்டும், இதே டைல்ஸ் எங்களுக்கும் ஒட்டிக் குடு, வாவி."

வாசலில் நின்ற ரொக்கியா தம்பியைப் பார்த்தாள்.

ஜவாவி கடைசி ஆணியைப் பிடுங்கித் தகரத்தில் போட்டான்.

"அது வேணாம், பாக் டோ. பளபளப்பு டைல்ஸ் கூடத்துக்குத்தான். தண்ணி புழங்குற இடத்துக்கு ஆகாது. வயசானவங்க இருக்கிற வீட்டுல ஒட்டவே கூடாது. சொரசொரப்பா போட்டுத் தர்றேன்."

"அப்ப இங்க..." என்று ஆரம்பித்தார் பாக் டோ. பெயர்த்த பலகையை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள். ரொக்கியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேக் நாப் மட்டும், ஆண்கள் வெளியே போகலாம், நண்பகல் லுஹர் தொழுகைக்குள் தூக்க வேண்டும் என்றாள்.

அறைக்கு அடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிட ஒரு ஆள் வேண்டும் என்று அவளே சொல்லியனுப்பினாள். நான் போகிறேன் என்று பாக் டோ எழுந்தார். ஜவாவி அதற்குள் மண்வெட்டியோடு படியிறங்கிவிட்டான்.

வீட்டுக்கு அடியில் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தபடியே தூணுக்குத் தூண் தாண்டி, ஓடைவரை ஒரு முழ அகலத்துக்கு வெட்டினான். வெள்ளம் விட்டுப்போன வண்டல் இன்னும் கெட்டியாகக் கிடந்தது. தலைக்கு மேலே பாய் இழுபடும் சத்தம், பெண்களின் காலடிகள், பிறகு மரக்கட்டில் நிலைகொள்ளும் சத்தம். இடைவெளியைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா?" ரொக்கியாவின் குரல் மேலிருந்து வந்தது. "ஊத்தலாமா?"

"ஊத்துங்க, காக்."

தூணுக்குப் பின்னால் நகர்ந்து, ஓடையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் குந்தினான். முதல் தண்ணீர் மண்ணில் விழுந்தது. இரண்டாவதில் இலந்தை இலை வந்தது. கற்பூர வாசனை இறங்கியது. வெட்டிய வாய்க்காலில் பாதி தூரம் ஓடிவந்த தண்ணீர், அவன் காலடியில் கிடந்த ஒரு மண்கட்டியில் முட்டி நின்று பரவத் தொடங்கியது.

மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்தான். கையை விட்டு மண்ணை விலக்கி, தண்ணீருக்கு வழி விட்டான்.