ஹாய்ட் ப்ரூவிட் சொன்ன விலை

இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு டாலர், ஐம்பது சென்ட்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடிதத்தில் அந்தத் தொகையைப் பார்த்தபோது லுவீனியாவுக்குக் கோபம்கூட வரவில்லை. சாப்பாட்டுத் தட்டில் அடுத்தவர் தலைமுடி கிடந்த மாதிரி ஓர் அருவருப்பு. அதுவும் முடி வெட்டியே பிழைக்கிறவளுக்கு.

பதினாறு வருஷமாக மேக்கன் நகரத்தில் அடுத்தவள் கடையில் ஒரு நாற்காலியை வாடகைக்குப் பிடித்து வேலை செய்கிறாள். செர்ரி தெருவில் ஒரு கடை காலியாயிற்று. முன்பணத்துக்குக் காரை விற்பதென்று முடிவு. பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு டீச்சர் வாங்க ஒப்புக்கொண்டாள். மறுநாள் சர்ச் வாசலில் நிறுத்தியிருந்த அந்தக் காரின் பின்பக்கத்தை, போனில் சிரித்துக்கொண்டே டிரக்கை ரிவர்ஸ் எடுத்த ஹாய்ட் ப்ரூவிட் நசுக்கினான்.

ரிப்பேர் செலவை அவனுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. கார் புதுசு போல வந்தது. ஆனால் விபத்து காரின் ரிக்கார்டில் ஏறிவிட்டது. டீச்சர் அதைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்டாள், நழுவினாள்.

அதனால் விழுந்த விலையைக் கம்பெனியிடம் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். கம்பெனிக்கு ஒரு ஃபார்முலா உண்டு. கார் விலையில் பத்தில் ஒரு பங்கு. அடி சின்னது என்பதால் அதில் கால். நிறைய மைல் ஓடிய கார் என்பதால் அந்தக் காலிலும் ஒரு வெட்டு. அந்த ஃபார்முலாவை எழுதியவன் வாழ்க்கையில் ஒரு பழைய காரைக்கூட விற்றிருக்க மாட்டான்.

ஜார்ஜியாவில் கம்பெனியை நேராகக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. இடித்தவன் மேல்தான் வழக்கு. அவனுக்காக வக்கீல் அனுப்புவது கம்பெனி. ஆகவே வெள்ளிக்கிழமை காலை, சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஜட்ஜ் ரென்ஃப்ரோ முன்னால், வக்கீல் விட்லாக் பக்கத்தில் ஹாய்ட் உட்கார்ந்திருந்தான். ஊரிலேயே பெரிய பழைய கார் வியாபாரி. வாயைத் திறக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவைத்திருந்தார். அது மீனை நீந்த வேண்டாம் என்று சொன்ன கதை.

"கார் முழுசா சரியாயிடுச்சு, யுவர் ஆனர்," என்றார் விட்லாக். "நட்டம்னு இந்தம்மா சொல்றது மனசுல இருக்கிற நட்டம்."

"மனசைக் காட்டியா நான் முன்பணம் கட்டறது?" என்றாள் லுவீனியா.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இப்ப இந்தக் கார் என்ன விலைக்குப் போகும்னு சொல்ல, தொழில் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். மதிப்பீட்டாளர் யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா?"

"அவங்க கேட்ட ஃபீஸுக்கு இன்னொரு கார் வாங்கலாம், ஐயா."

"அப்படின்னா உங்க பேச்சை வெச்சு மட்டும் நான் தீர்ப்பு எழுத முடியாது."

விட்லாக் ஃபைலை மூடினார். கடை கைநழுவுவது அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டது. திங்கட்கிழமைக்குள் பணம் வராவிட்டால் கடை வேறொருவருக்கு.

அவள் ஹாய்ட்டைப் பார்த்தாள். விரலில் குதிரைலாட மோதிரம். முகத்தில் 'உன்னைப் போல எத்தனை பேர்' என்கிற சலிப்பு.

"மிஸ்டர் ஹாய்ட்டையே கேட்கலாமா, ஐயா?"

"என் கட்சிக்காரரையா?" விட்லாக் எழுந்தார்.

"வேணாம், விட்டுடுங்க," என்றாள் அவள் உடனே. "பாவம், அவருக்கு எங்க தெரியப் போகுது. போன வருஷம் வெள்ளத்துல முங்கின வேனை முழு விலை குடுத்து வாங்கினவராச்சே. என் நாற்காலியில உட்கார்றவங்க பாதிப் பேர் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹாய்ட்டின் கழுத்து சிவந்தது.

"எவன் சொன்னான்? நாப்பத்தோரு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அடிபட்ட காரை வாசனையிலயே சொல்லுவேன்."

"ஹாய்ட், உட்காருங்க," என்றார் விட்லாக்.

"நீ உட்காரு தம்பி."

ஜட்ஜுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. அவனைச் சாட்சியாகச் சத்தியம் செய்ய வைத்து, எல்லோரையும் கோர்ட் பார்க்கிங்குக்கு அழைத்துப் போனார். வெயிலில் கார் பளபளவென்று நின்றது.

ஹாய்ட் அதைச் சுற்றி வந்தான். விரல் முட்டியால் தட்டினான். கதவு விளிம்பில் நகத்தை ஓட்டினான். குந்தி உட்கார்ந்து பெயின்ட் மேல் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தான். அவனுக்கு இருந்த ஒரே உண்மையான பக்தி அதுதான்.

"இதோ. இங்க மெட்டல் சத்தம், இங்க பட்டி பூசின மொத்துச் சத்தம். பெயின்ட் ஆரஞ்சுத் தோலு மாதிரி சொரசொரன்னு இருக்கு. டிக்கி இடைவெளி இந்தப் பக்கம் ஒரு நூல் ஜாஸ்தி. முப்பதடி தள்ளி நின்னாலே தெரியுது. இது முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்றவன் குருடன்."

சொன்னவர் விட்லாக்தான். அவர் தரையைப் பார்த்தார்.

"அடி படலேன்னா என்ன விலை?" என்றார் ஜட்ஜ்.

"பத்தொன்பதரைக்குக் கண்ணை மூடிட்டு எடுப்பேன்."

"இப்ப?"

"பதினாலாயிரத்துத் தொள்ளாயிரம். அதுக்கு மேல ஒரு டாலர் குடுக்கிறவன் தொழிலை விட்டுட்டு வீட்ல உட்காரட்டும்." லுவீனியாவைப் பார்த்து உதட்டைச் சுழித்தான். "போய் உன் நாற்காலிக்காரிங்க கிட்ட சொல்லு, ஹாய்ட்டுக்குத் தெரியுமா தெரியாதான்னு."

"நல்லாவே தெரியுது, மிஸ்டர் ஹாய்ட்."

விட்லாக் ஆட்சேபணை என்று முனகினார். "உங்க ஆள்தான் எனக்குக் கிடைச்ச ஒரே நிபுணர், வக்கீல் சார்," என்றார் ஜட்ஜ். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் நாலாயிரத்து அறுநூறு டாலரும் கோர்ட் செலவும் என்று அங்கேயே, காரின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்.

வக்கீல் தன் கட்சிக்காரனிடம் விடைபெறாமலே போனார். ஹாய்ட்டுக்கு அது உறைக்கவே இல்லை. கொடுப்பது கம்பெனி; ஜெயித்தது தன் கண். அப்படித்தான் அவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

லுவீனியா சாவியை நீட்டினாள்.

"பதினாலு தொள்ளாயிரம். செக் எழுதுங்க."

"என்னது?"

"சத்தியம் பண்ணிட்டுச் சொன்ன விலை. இல்ல, சும்மா வாய்க்கு வந்ததா? ஜட்ஜ் ஐயா இன்னும் படியேறலை. கூப்பிடட்டுமா?"

அவன் படியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், செக் புத்தகத்தை எடுத்தான். கை ஓடும்போதுதான் எங்கோ ஏதோ தப்பாகிவிட்டது என்கிற கலக்கம் அந்தப் பெரிய முகத்தில் மெல்லப் படர்ந்தது. என்னவென்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு வாரமாவது ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப எதுல போவீங்க, மிஸ் லுவீனியா?" என்றான், குரல் இறங்கி.

"செர்ரி தெருவுக்குக் காரா வேணும்?"

செக்கை இருமுறை படித்து, தொகை எழுத்திலும் எண்ணிலும் ஒன்றுதானா என்று பார்த்து, கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். கடைச் சொந்தக்காரர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார்.