விசாரணைக்கு வராத நாள்

வருஷத்தில் ஒரு நாள் விசாரணை அதிகாரி எங்கள் வீட்டுக்கு வருவார். நான் தையல் மிஷினை நிறுத்துவேன். புதிதாக ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அண்ணன், அரசுக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்ததைப் பற்றி எனக்கு என்ன புதிதாகத் தெரிந்துவிடப் போகிறது? இல்லை என்பேன். எழுதிக்கொள்வார். தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

அண்ணன் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டவில்லை, கவனக்குறைவு என்று விசாரணை அலுவலகத்தில் வாயால் சொன்னார்கள். காகிதத்தில் கேட்டபோது சட்டத்தைக் காட்டினார்கள். முடிந்த விசாரணையின் ஆவணங்களை யார் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். நடக்கிற விசாரணையில் ஒரு தாள்கூடக் கிடையாது. ஒரு வருஷம் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் விசாரணை முடிந்ததாக அர்த்தம்.

நான் சொல்லும் 'இல்லை'தான் அந்த நடவடிக்கை என்று புரியவே எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. ஐந்தாம் வருஷம் வெளியே பூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் போய் நின்றேன். 'வீடு பூட்டியிருந்தது, விசாரணை தொடர்கிறது' என்று எழுதிவிட்டார். ஆறாம் வருஷம் வாயே திறக்கவில்லை. 'சாட்சி மௌனம், விசாரணை தீவிரம்.'

அம்மா மட்டும் அலுவலகத்தை நம்பினாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அண்ணன் படத்தைப் பார்த்து, "ஒரு கொக்கிய மாட்ட உனக்கு என்ன கேடு?" என்பாள். பதினோரு வருஷமாக அந்தப் படம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

பன்னிரண்டாம் வருஷம், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது அதிகாரி வந்தார். கையில் நோட்டு இல்லை. நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"வேண்டாம்மா. நான் இன்னைக்கு வரல."

புரியாமல் நின்றேன்.

"காய்ச்சல்னு லீவு போட்டிருக்கேன். அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறேன். வராதவனுக்கு எதுக்குத் தண்ணி?"

வேறு ஆளை அனுப்பிவிட மாட்டார்களா என்றேன். ஃபைல் தன் மேஜையில் இருப்பதாகவும், தன் மேஜையை இதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பிறகு இருவரும் பேசவில்லை. அரை மணி நேரம் இருக்கும். அவ்வளவு நீளமான மௌனத்தை அந்த அலுவலகத்தில் யாராலும் எழுதியிருக்க முடியாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பழக்க தோஷத்தில், "புதுசா ஏதாவது..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார்.

மூன்றாம் நாள் மனு கொடுத்தேன். இரண்டு குமாஸ்தாக்கள் காலண்டரை மாற்றி மாற்றி எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை மாறவில்லை. கொடுத்தார்கள்.

மொத்தம் பன்னிரண்டு தாள். பதினொன்றில் நான்தான் இருந்தேன். முதல் தாளில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. அண்ணனின் பெல்ட். கொக்கி ஓர் இரும்பு வளையத்தில் சரியாக மாட்டியிருந்தது. சுவரில் பதிந்திருக்க வேண்டிய அந்த வளையம்தான் சிமெண்ட்டோடு பெயர்ந்து வந்திருந்தது.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பழக்கத்தில் படத்தின் பக்கம் திரும்பினாள். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பிறகு என்னை முறைத்து, "அவன் மாட்டித்தான்டி இருந்திருக்கான்," என்றாள், இத்தனை வருஷமும் நான்தான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது போல.