ஜாசியாராவின் ஆறாவது பிறந்தநாள்

ஜாசியாராவின் ஆறாவது பிறந்தநாள் விருந்து ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கி, மூன்று வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலையில் முடிந்தது. அத்தனை காலமும் அவளுக்கு வயது ஐந்துதான். பெத்ரா மான்சா ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. அந்த விருந்தில் கொஷின்யா என்ற பொரித்த பண்டம் போதவில்லை என்பதைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள்.

வினையெல்லாம் அவள் அம்மா லிந்தால்வா தலைநகரில் இருக்கும் சித்தி மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்ததில் ஆரம்பித்தது. அங்கே ஒரு பிறந்தநாளில், தாய்மார்கள் குழந்தைகளை மண்டப வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவதை அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். ஊருக்குத் திரும்பியதும் தன் வீட்டு விருந்தும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டாள். கணவன் எவரால்டோ பத்திரப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவன். அவள் பேச்சைக் கேட்டால் அந்த அலுவலகமே அவனுடைய பாட்டன் சொத்து என்று தோன்றும். அந்தப் பெருமைக்கு ஏற்றபடி ரோஜா நிறத்தில் நான்கு அடுக்குக் கேக் வந்தது. மேலடுக்கு மட்டும்தான் கேக், கீழே மூன்றும் க்ரீம் பூசிய தெர்மாகோல். பொரித்த பண்டங்களும் குளிர்பானமும் இருபது குழந்தைகளுக்கு மட்டும் சொல்லிவைத்தாள். பெரியவர்கள் இருப்பார்களா என்று அவள் கேட்காமல் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஐயோ, நாங்கள் நிற்கவே மாட்டோம், பிள்ளையை விட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடுவோம். இப்படிச் சொன்னால் குடும்பத்தோடு வந்து உட்காரப்போகிறார்கள் என்று பெத்ரா மான்சாவின் தெருநாய்க்குக்கூடத் தெரியும். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள், ஒரு மாதத் தலைநகர்க் காற்று பட்டதும் அதை நம்பிவிட்டாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவியோடும் மாமியாரோடும் கல்யாணமாகாத மைத்துனியோடும் வந்தார். பிள்ளையே இல்லாத பல் மருத்துவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜாசியாராவின் ஞானத்தாய் கிரெயுசா தன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் இளைஞனையும் கூட்டிவந்தாள். வாசலில் நின்று, உட்கார நேரமில்லை என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு, சமையலறைக் கதவுக்கு அருகில் இருந்த நாற்காலிகளை முதலில் பிடித்தார்கள். தட்டு அந்த வழியாகத்தானே வரவேண்டும்.

லிந்தால்வா சளைக்கவில்லை. முதலில் குளிர்பானத்தை ஊற்றி ஊற்றி வயிறுகளை நிரப்பினாள். கோழியை உதிர்த்து மாவுக்குள் பொதிந்து பொரித்த கொஷின்யாவை இரண்டாக நறுக்கினாள். எவரால்டோவைத் தட்டோடு சுவரோரமாக, யார் கைக்கும் எட்டாமல், வேகமாக நடக்கச் சொன்னாள். இதையெல்லாம் சமாளித்துவிடலாம், கேக்கை எப்படிச் சமாளிப்பது? வாழ்த்துப் பாட்டுப் பாடும்வரை மேசையில் இருக்கும் இனிப்பை யாரும் தொடமாட்டார்கள், இடத்தைவிட்டு எழவும் மாட்டார்கள். பாடாமல் போனால் குழந்தைக்கு ஆகாது. பாடியபின் குழந்தை மெழுகுவர்த்தியை ஊதி, ஆசையை மனதில் நினைத்துக்கொண்டு, கத்தியை அடியில் வைத்து மேல்நோக்கி இழுத்து வெட்டவேண்டும். முதல் துண்டு அதற்கு மிகவும் பிரியமானவருக்கு. அடியில் வைத்தால் தெர்மாகோல்தான் வெட்டுப்படும். குழந்தைகள் மட்டும் இருந்தால் மேலடுக்கைச் சத்தமில்லாமல் வெட்டிக் கொடுத்திருப்பாள். ஊரே பார்க்க எப்படி வெட்டுவது? இவர்கள் போகட்டும், வெட்டலாம் என்று அவள் இருந்தாள். அவள் வெட்டட்டும், போகலாம் என்று அவர்கள் இருந்தார்கள்.

திங்கட்கிழமை, நாற்காலியில் தொப்பியையோ கைப்பையையோ போட்டு இடம்பிடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். மாலையில் நேராக இங்கே திரும்பினார்கள். பிள்ளைகள் இங்கிருந்தே பள்ளிக்கூடம் போய்வந்தார்கள். பல் மருத்துவர் தன் சாய்வு நாற்காலியையே கொண்டுவந்து போட்டு, ஜன்னலோரமாகப் பல் பிடுங்கத் தொடங்கினார். கிரெயுசாவின் வாடகைக்காரனும் மருந்துக்கடைக்காரரின் மைத்துனியும் காதலித்து, தேவாலயம்வரை போய்க் கல்யாணம் செய்துகொண்டு, பாட்டைத் தவறவிட்டுவிடக்கூடாதே என்று மாலையும் கழுத்துமாக ஓடிவந்தார்கள். மேசையில் அடுக்கியிருந்த சாக்லேட் உருண்டைகள் மூன்று மழைக்காலத்திலும் கெடவில்லை. எறும்புகள்கூட மேசையைச் சுற்றி வரிசையாக நின்று பாட்டுக்காகக் காத்திருந்தன. பாதியாக இருந்த கொஷின்யா முதல் வருடத்தில் காலாகி, இரண்டாம் வருடத்தில் உளுந்தளவு ஆனது. மூன்றாம் வருடத்தில் லிந்தால்வா வெறும் எண்ணெயைக் காய்ச்சி, மணத்தைக் கூடத்துக்குள் விசிறிவிட்டாள். அதற்கும் கையை நீட்டினார்கள். போன வருடத்து மணம் இதைவிடத் தேவலை என்று மருந்துக்கடைக்காரரின் மாமியார் குறைசொன்னாள்.

குழந்தைகள் வளர்ந்தார்கள். காற்சட்டைகள் முழங்காலுக்கு ஏறின, இரண்டு பையன்களுக்குக் குரல் உடைந்தது. ஜாசியாரா மட்டும் அதே காகிதக் கிரீடத்தோடு, அதே மஞ்சள் கவுனில் இருந்தாள். கவுன் அவளுக்கு அளவெடுத்தாற்போலவே இருந்தது. மெழுகுவர்த்தியை ஊதாதவளுக்கு வயது எப்படி ஏறும்? ஆறு முடிந்ததும் அழைத்து வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் திருப்பி அனுப்பினார்கள்.

"அம்மா, என்கூட விளையாடின டெய்சிக்கு ஒம்பது வயசு ஆயிடுச்சு. என்னைப் பாப்பான்னு கூப்பிடுறா" என்றாள் ஜாசியாரா.

"இவங்க போகட்டும்டி செல்லம். அடுத்த நிமிஷமே வெட்டிடலாம்."

லிந்தால்வாவுக்கு மகள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்தைவிட மானம் ஒரு பிடி அதிகமாக இருந்தது, அவ்வளவுதான். கிரெயுசா ஒருநாள் சமையலறைக்கே வந்து நேராகக் கேட்டாள்.

"உன் கௌரவத்துக்காக அந்தப் புள்ளையோட வயசைப் புடிச்சு வெச்சிருக்கியே, இது உனக்கே அடுக்குமா?"

"நீங்க எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்கக்கா. இப்பவே வெட்டுறேன்."

"பாட்டுப் பாடாம எப்படிடி போறது? புள்ளைக்கு ஆகாதே."

இப்படிக் குழந்தையின் நன்மைக்காக உருகிப் பேசிவிட்டு, கிரெயுசா அடுப்பின்மேல் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் டெய்சி கதைப் புத்தகம் ஒன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஜாசியாரா பார்க்கக் கேட்டதற்கு, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, கிழித்துவிடுவாய் என்று புத்தகத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஜாசியாரா அழவில்லை. ஒரு முக்காலியை இழுத்துவந்து மேசையருகே போட்டு ஏறிநின்று, அப்பாவைக் கூப்பிட்டுத் தீக்குச்சி கேட்டாள். மூன்று வருடமாகத் தட்டுத் தூக்கியதைத் தவிர ஒன்றும் செய்யாத எவரால்டோ, சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குச்சியை உரசிக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் மனைவியைக் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். கூடமே எழுந்து கைதட்டிப் பாடியது. குரல்கள் துருப்பிடித்திருந்தன. லிந்தால்வா ஈரக்கையோடு ஓடிவருவதற்குள் ஜாசியாரா மெழுகுவர்த்தியை ஊதிவிட்டுக் கத்தியை அடியில் வைத்து இழுத்துவிட்டாள். பல் கூசும்படி கிறீச்சென்று ஒரு சத்தம். வெள்ளை மணிகள் பறந்து எல்லோர் தலையிலும் ஒட்டிக்கொண்டன.

லிந்தால்வாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜாசியாரா முதல் துண்டைத் தட்டில் வைத்து, முக்காலியிலிருந்து கவனமாக இறங்கி, அம்மாவிடம் கொண்டுபோனாள்.

"இது உனக்குத்தாம்மா" என்றாள்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் லிந்தால்வாவுக்கு நெஞ்சில் தைத்தது. சுற்றி இருந்த அத்தனை முகங்களுக்காகவும் மூன்று வருடம் செத்துச் செத்துப் பிழைத்தவள், அன்றைக்குத்தான் அந்த ஒரு முகத்தைப் பார்த்தாள். துண்டை எடுத்துக் கடித்தாள், மென்றாள், கண்ணில் நீர் வர விழுங்கினாள். ஜாசியாராவின் முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. அவளுக்கு ஆறு வயதாகியிருந்தது.

"இன்னும் மூணு பாக்கி இருக்கும்மா" என்றாள் ஜாசியாரா.

லிந்தால்வா தட்டை நீட்டினாள். அடுத்த துண்டில் கவுன் முழங்காலுக்குமேல் ஏறியது. அதற்கடுத்ததில் தோள் தையல் விட்டது. கடைசித் துண்டை அவள் விழுங்கியபோது காகிதக் கிரீடம் கிழிந்து விழுந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் உதட்டில் ஒட்டியிருந்த வெள்ளை மணியை விரலால் துடைத்துவிட்டாள்.

அதற்குள் மற்றவர்கள் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். கிரெயுசா ஒரு துண்டு மென்றுவிட்டு, கொஞ்சம் வறட்சி, ஆனால் திகட்டவில்லை என்றாள். பல் மருத்துவர் இரண்டாம் தடவை வாங்கினார். மருந்துக்கடைக்காரர், இரவுக்கு ஆகுமே என்று இரண்டு துண்டைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். மேலடுக்கில் இருந்த உண்மையான கேக்கை ஒருவரும் கேட்கவில்லை. ஜாசியாரா கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, அந்த ஊரில் எந்த வீட்டிலும் எந்த விருந்தாளியிடமும் யாரும் சொல்லியிராத ஒன்றைச் சாதாரணமாகச் சொன்னாள்.

"விருந்து முடிஞ்சுடுச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

போனார்கள். சொல்லியிருந்தால் முதல் நாளே போயிருப்போமே, ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். எறும்புகள் மேசையேறிச் சாக்லேட் உருண்டைகளை இழுத்துக்கொண்டு போயின. அம்மாவும் அப்பாவும் மகளும் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து மேலடுக்குக் கேக்கைச் சாப்பிட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை லிந்தால்வா ஜாசியாராவை நான்காம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பெண்ணுக்கு எழுத்தே தெரியவில்லையே என்று ஆசிரியை கேட்டதற்கு, விருந்தாளிகள் இருந்தார்கள் என்றாள் லிந்தால்வா. ஆசிரியை தலையாட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் இடம் காட்டினார்.