பைலட்டின் இயற்கை எதிரிகள்

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. விலங்கியல் பாடத்தில் வரும் உணவுச் சங்கிலிப் படம். நெல்லிலிருந்து ஓர் அம்புக்குறி கோழிக்குப் போகும். கோழியிலிருந்து பருந்துக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று, கீரிக்கு ஒன்று. கல்லூரியில் அதைப் பலமுறை வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பட்டம் வாங்கிய பிறகு ஒருநாள், பல்லாவரம் தாண்டி ரயில் நின்றிருந்தபோதுதான் தோன்றியது. அந்தப் படத்தில் மனிதன் இல்லை. கோழியிலிருந்து நமக்கு ஓர் அம்புக்குறியும் வரவில்லை.

படத்தை வரைந்தவர் அன்று மதியம் என்ன சாப்பிட்டிருப்பார்?

அவரிடம் கேட்க முடியாது. எதிரில் வந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. ஆகவே கதை எழுதுகிறேன். கதையில் பேசுவதற்கு வேறு ஆட்கள் இருப்பார்கள்.

2

முதல் தொடக்கம்: "தாம்பரத்தின் மீது சூரியன் தன் பொற்கதிர்களை" – வேண்டாம். தாம்பரத்தில் சூரியன் அப்படியெல்லாம் செய்வதில்லை. நேராகச் சுடும்.

இரண்டாவது தொடக்கம்: "மனிதனும் ஒரு விலங்குதானே என்று எண்ணியபடி ஞானஜோதி குழாயடிக்கு" – குழாயடிக்குப் போகிறவர்கள் வரிசை எவ்வளவு நீளம் என்றுதான் எண்ணுவார்கள்.

மூன்றாவது: "1988-ல் ஒரு சனிக்கிழமை, சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், யேசுதாசன் தன் வீட்டுச் சேவலைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். சேவல் பயப்படவில்லை."

இது இருக்கட்டும்.

3

யேசுதாசன் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. மனைவி ஜெயசீலி. ஒரே மகள் ஞானஜோதி, பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டபடி வீட்டில் இருப்பவள். கூச்ச சுபாவம். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவளே மன்னிப்புக் கேட்பாள். வீட்டில் இதுவரை எதற்கும் 'மாட்டேன்' என்று சொன்னதில்லை. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

சேவலின் பெயர் பைலட். கூடப் பொரித்த குஞ்சுகளையெல்லாம் பருந்து தூக்கிப்போக, மிஞ்சியவன் அவன். ஜோதி உள்ளங்கையில் குருணை வைத்து ஊட்டி வளர்த்தாள். அவள் 'பா, பா' என்றால் எங்கிருந்தாலும் ஓடி வருவான். வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். பிடிக்கக் கை நீட்டினால், கைக்கு எட்டாத அளவுக்கு மட்டும் தள்ளி நிற்பான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து பாஸ்டர் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். பாஸ்டர் வந்தால் கோழிக்குழம்பு. அதுவும் வீட்டில் வளர்ந்த கோழி. இது எங்கும் எழுதப்படாத விதி. கடைக்கோழி வாங்கிச் சமாளித்த ஒரு குடும்பத்தை, முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார் பாஸ்டரம்மா. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை குழம்பு கேட்கவில்லை. அது போதாதா?

ஜெயசீலி மிளகாய், மல்லி வறுத்து வைத்துவிட்டாள். இனி எஞ்சியது பைலட்.

4

யேசுதாசன் ஏன் சேவலைப் பயமுறுத்தினார் என்று சொல்ல வேண்டும். போன மாதம் பாஸ்டர் பிரசங்கத்தில், மனிதனைக் கண்டால் சகல பிராணிகளும் நடுங்கும் என்று சொல்லியிருந்தார். கத்தியைத் தீட்டி முடித்த யேசுதாசனுக்கு அது ஞாபகம் வந்தது. சோதித்துப் பார்க்கலாமே என்று கத்தியோடு பைலட் முன்னால் போய் நின்றார். பைலட் கத்தியின் பளபளப்பைக் கொத்திப் பார்த்தான்.

"ஜெயசீலி, இங்க வந்து பாரு! கத்தியக் கொத்துது!"

"பசிக்குதோ என்னவோ" என்றாள் ஜெயசீலி உள்ளேயிருந்து.

"பாஸ்டர் என்ன சொன்னாரு? நடுங்கும்னாரு இல்ல?"

"அது சர்ச்சுக்கு வர்றதில்லையே. அதுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. பைலட் கழுத்தை நீட்டி, 'க்ரீஈஈ' என்று ஒரு நீண்ட ஓசை எழுப்பிவிட்டுத் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் பாய்ந்தான்.*

"இதுக்கு மட்டும் பயப்படுது!" என்றார் யேசுதாசன்.

ஜோதி மெதுவாகச் சொன்னாள். "எதிரியைப் பார்த்தாதான்பா அப்படிக் கத்தும். மேல வர்ற எதிரிக்கு ஒரு சத்தம். தரையில வர்ற எதிரிக்கு வேற சத்தம்."

"எனக்கு என்ன சத்தம்?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா."

யேசுதாசனின் முகம் வாடிவிட்டது. "அப்ப ஏர்போர்ஸ்காரன் இதுக்கு எதிரி. நான் இல்ல?"

"சயின்ஸ்படி அப்படித்தான் வருது."

"திங்கப்போறது நானு!"

(* பருந்தின் நிழல் என்று நினைத்துக்கொள்கிறான். பெயர்ப் பொருத்தத்தை நான் திட்டமிடவில்லை. யேசுதாசன்தான் வைத்தார், ஓட்டின் மேல் ஏறி நிற்பதைப் பார்த்து.)

5

சாயங்காலம் யேசுதாசன் தெளிந்துவிட்டார். எதிரியோ நண்பனோ, பாஸ்டர் வருவது நிச்சயம்.

"ஜோதி, காலைல நீ கூப்பிடு. கைக்கு வந்ததும் நான் பிடிச்சுக்கறேன்."

"மாட்டேன்" என்றாள் ஞானஜோதி.

[இங்கே நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இவள் அப்படிச் சொல்லக்கூடியவளா? மூன்றாம் பிரிவில் நானே எழுதியிருக்கிறேன், சொன்னதில்லை என்று. அடித்துவிட்டு "சரிப்பா" என்று போட்டுப் பார்த்தேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்து, குழம்பு கொதித்தது. அடுத்து அவளை நீளமாகப் பேசவிட்டேன்: "அப்பா! ஊட்டிய கையே உயிரைப் பறிக்கலாமா? இந்த வாயில்லா ஜீவன்" – அதையும் அடித்தேன். வாயில்லா ஜீவன் தினமும் விடியுமுன் தெருவையே எழுப்புகிறது. மறுபடி "மாட்டேன்" என்றே எழுதினேன்.]

"என்ன சொன்ன?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க எதிரின்னா நீங்களே பிடிங்கப்பா. பருந்து யாரையும் விட்டுக் கூப்பிடச் சொல்றதில்ல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. யேசுதாசன் லுங்கியை இறுக்கிக் கட்டினார்.

"அவ்வளவுதான? பிடிக்கறேன். ஒரு கோழியப் பிடிக்கத் தெரியாமலா ரயில்வேல இருக்கேன்?"

ஜோதிக்கு இரவு தூக்கம் வரவில்லை. அப்பா பிடித்துவிட்டால், தான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கும் பலனில்லை. பிடிக்காவிட்டால், மறுபடி அவளிடம்தான் வருவார். இன்னொரு முறை 'மாட்டேன்' சொல்ல அவளிடம் கையிருப்பு இல்லை.

(கோழி வளர்த்தவர்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, கூட்டிலிருந்து எடுத்தால் முடிந்ததே? பைலட் கூட்டில் அடைவதில்லை. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் தூங்குவான். அந்த வீட்டுக்காரரை அடுத்த பிரிவில் சந்திப்பீர்கள்.)

6

ஞாயிறு காலை. யேசுதாசன் முதலில் தனியாக முயன்றார். அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். அவர் என் கதையின் மரியாதைக்குரிய மனிதர்.

பிறகு சைக்கிள் கடை பக்தவச்சலம் கோணியோடு வந்தார்.

"இன்னா யேசு அண்ணே, ஒரு கோழியப் புடிக்க இவ்ளோ பேஜாரா? நவுந்துக்க. நான் ஒரே அமுக்கா அமுக்கறேன் பாரு."

அடுத்து, மதில் கதவைத் திறந்துகொண்டு தோத்தாத்ரி வந்தார். பக்கத்து வீடு, வங்கியில் வேலை. வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். இடுப்பில் துண்டு கட்டியிருந்தார்.

"சார், நீங்க எதுக்கு?" என்றார் யேசுதாசன்.

"நான் சாப்பிடறதில்லை, வாஸ்தவம். ஆனா தினம் விடியறதுக்கு முன்னாடி என் டேங்க் மேல நின்னுண்டு கூவறது. நீங்க அதைத் திங்கறதுக்குப் பிடிக்கறேள். எனக்கும் அதுக்கும் தனி விவகாரம்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஜோதி இதை மனதில் குறித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து தேடிய இயற்கை எதிரி ஒருவர் கிடைத்துவிட்டார். அவர் சைவம்.

மூவரும் முப்பக்கம் நின்றார்கள். பைலட் நடுவில் நின்றான்.

"லெப்ட்ல போறது சார், லெப்ட்ல!" என்று கத்தினார் தோத்தாத்ரி.

"உங்க லெப்டா என் லெப்டா?"

பக்தவச்சலம் கோணியை வீசினார். அது அழகாக விரிந்து தோத்தாத்ரியின் தலையில் இறங்கியது.

"ஐயய்யோ சாரு! இன்னாத்துக்கு நீங்க குறுக்க வந்துகினு கீறீங்க?"

கோணிக்குள்ளிருந்து "பிடிச்சேளா?" என்று கேட்டது.

பிடிக்கவில்லை. பைலட் செம்பருத்திச் செடியைச் சுற்றி, கொடிக்கம்பைத் தாண்டி, பாஸ்டருக்காக வெளியே கழுவி வைத்திருந்த நாற்காலியில் ஏறி, அங்கே செய்யக்கூடாததைச் செய்துவிட்டு இறங்கினான். தெருவில் கூட்டம் சேர்ந்தது. யாரோ ஒரு பெண்மணி ஓட்டத்தை நேர்முக வர்ணனை செய்யத் தொடங்கினாள்.

கட்டுரையாக இருந்தால் இங்கே ஒரு முடிவு எழுதலாம். மனிதனுக்கு நகம் இல்லை, அலகு இல்லை, ஓடினால் மூச்சு இரைக்கிறது. கோழியின் இயற்கை எதிரியாக இருக்கும் தகுதி அவனுக்கு இல்லை. இருந்தும் எல்லாப் பருந்துகளையும்விட அதிகக் கோழி தின்கிறான். எப்படி என்றால், அவனிடம் ஒரு கைப்பிடி அரிசி இருக்கிறது. கூப்பிடுவதற்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

கட்டுரை இல்லை என்பதால் கதைக்குத் திரும்புகிறேன்.

7

முற்றத்தின் நடுவில் யேசுதாசன் இடுப்பில் கைவைத்து நின்று மூச்சு வாங்கினார். பிறகு மகளைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். ஜோதி பயந்துகொண்டிருந்த பார்வை அதுதான்.

அவள் எழுந்தாள். அந்த நேரத்தில் தலைக்கு மேலே விமானம் வந்தது.

'க்ரீஈஈ' என்றான் பைலட். துவைக்கும் கல் தூரத்தில் இருந்தது. செம்பருத்தியை பக்தவச்சலம் மறைத்து நின்றார். பைலட் ஒரு கணம் இங்கும் அங்கும் பார்த்தான். பிறகு நேராக ஓடிவந்து யேசுதாசனின் லுங்கிக்குள் புகுந்துகொண்டான்.

தெருவில் நேர்முக வர்ணனை பாதியில் நின்றது.

"அண்ணே!" என்றார் பக்தவச்சலம் கிசுகிசுப்பாக. "உன் கைலியாண்டயே கீது. அமுக்கு!"

யேசுதாசன் அசையவில்லை. அவருடைய கெண்டைக்காலில் சூடாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது.

"இது ஒளிஞ்சிக்க வந்திருக்குய்யா" என்றார்.

"அதான் சொல்றேன், வசதியா வந்துகீது."

"என்கிட்ட ஒளிஞ்சிக்க வந்திருக்கு."

தோத்தாத்ரி கோணியிலிருந்து வெளியே வந்து, தலையில் ஒட்டிய சணலைத் தட்டிவிட்டார். "இப்போ என் விவகாரத்தை எப்படி நடத்தறது? நீங்க நடுவுல நிக்கறேளே."

அடுப்படியிலிருந்து ஜெயசீலியின் குரல் வந்தது. "சத்தத்தையே காணோம், பிடிச்சாச்சா? மசாலா அரைச்சிட்டேன்!"

(ஞாயிற்றுக்கிழமை பயிற்சி விமானம் பறக்குமா என்று கேட்காதீர்கள். எனக்கு ஒன்று தேவைப்பட்டது. பறக்கவிட்டேன்.)

8

நான் யோசித்துப் பார்த்த முடிவுகள்:

பாஸ்டருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, டாக்டர் கோழியே கூடாதென்று சொல்லிவிட்டார் என்று செய்தி வருகிறது. இது ஏமாற்று வேலை. பிரச்சினையை டாக்டர் தலையில் கட்டுவது.

முட்டைக்குழம்பு வைக்கிறார்கள். இதில் பாஸ்டரம்மா முகம் எப்படிப் போகும் என்பது ஒருபுறம். மனிதன் முட்டைக்கு இயற்கை எதிரியா என்று இன்னொரு கதை எழுத வேண்டிவரும்.

யேசுதாசன் மனம் மாறி அன்றிலிருந்து அசைவத்தையே – இல்லை. அவரை எனக்குத் தெரியும். புதன்கிழமை நெத்திலி வாங்குவார்.

பைலட் குழம்பாகிறான். எல்லாரும் சாப்பிடுகிறார்கள், ருசியாக இருக்கிறது, ஜோதியும் ஒரு துண்டு. இதை எழுதி வைத்திருக்கிறேன். மோசமாக வரவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

9

இவ்வளவு தூரம் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். விமானத்தின் ஓசை தேய்ந்து போய்விட்டது. பைலட் இன்னும் வெளியே வரவில்லை. சர்ச்சில் முதல் மணி அடிக்கிறது. யேசுதாசன் மகளிடம் சொல்கிறார்: "ஜோதி, நீயே எடும்மா. நான் குனிஞ்சா மிரண்டுடும்."

"எடுத்து?" என்று ஜோதி கேட்கிறாள்.

அப்படி அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'மாட்டேன்' என்பதைவிட இது கடினம். யேசுதாசன் பக்தவச்சலத்தைப் பார்க்கிறார். பக்தவச்சலம் தோத்தாத்ரியைப் பார்க்கிறார். தோத்தாத்ரி, வேறு யாரும் மிச்சமில்லாததால், உங்களைப் பார்க்கிறார்.

ஜோதி குனிந்து, லுங்கியின் ஓரத்தைத் தூக்கி, 'பா, பா' என்று மிகவும் மெல்லக் கூப்பிடுகிறாள். அவன் வந்துவிட்டான். அவள் குரலாயிற்றே. இரண்டு கையாலும் தூக்கி நிமிர்கிறாள். ஒரு பக்கம் அப்பாவின் கை, இன்னும் நீளவில்லை. மறுபக்கம் மதில், அதற்கு அப்பால் அவன் தூங்கும் தண்ணீர்த் தொட்டி. இத்தனை நேரம் பைலட்டை உங்களுக்கும் பழக்கிவிட்டேன். இனி நீங்கள் அந்த உணவுச் சங்கிலிப் படத்துக்கு வெளியே நிற்கிறவர் இல்லை.

அவள் காத்திருக்கிறாள். நீங்கள் சொல்கிறவரை யேசுதாசன் கால் இரண்டையும் அகட்டி வைத்தபடியே நிற்பார், சேவல் போன பிறகும். அவருக்கு மூட்டுவலி. கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.