வெறுந்தட்டு

இரண்டு கைகளிலும் எவர்சில்வர் தட்டுகளை ஏந்திக்கொண்டு கல்யாணசுந்தரி கடைப்படி இறங்கினாள். தட்டுக்கு ஒரு ரொட்டி. காலையில் சுட்டது, இன்னும் சூடு அடங்காதது. பக்கத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு பிடி கற்கண்டு. இந்த மாதத்தோடு பேக்கரியை மூடப்போகிறார்கள். கடையை மூடுகிறவர்கள் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். வீடு வீடாகத் தட்டு வைத்துச் சொல்லிக்கொண்டு போன ஆள் காரைக்காலில் இதுவரை யாரும் இல்லை. "என்னடி, கல்யாணப் பத்திரிகையா வைக்கப் போற?" என்று புருஷன் சிவநாதன் கேலி செய்தார். அவளுக்கு இது கல்யாணத்துக்கும் மேல்.

வரிச்சிக்குடியிலிருந்து வாழ வந்த நாள் முதல் அவள் படுப்பது கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில். அறைக்கும் ரொட்டி அடுப்புக்கும் நடுவே ஒரே சுவர். விறகு எரிந்து அடங்கினாலும் அந்தச் சுவர் அடங்காது. மார்கழியில் ஊரே போர்வையைத் தேடும்போது அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு கிடப்பாள். சித்திரையில் எப்படிக் கிடப்பாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டிக்கு லீவு கிடையாது. தீபாவளியன்றும் கடை உண்டு, பொங்கலன்றும் உண்டு, நோன்பு மாதத்தில் கேட்கவே வேண்டாம். அப்பா செத்த அன்றுகூட, அடுப்பில் இருந்ததை இறக்கி அடுக்கிவிட்டுத்தான் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லாததால் குறையே இல்லை என்று எல்லோரும் வசதியாக எடுத்துக்கொண்டார்கள்.

போன மழைக்காலத்தில் சிவநாதனுக்கு முட்டி வீங்கி, அடுப்பு வாயில் குனிந்தால் நிமிர முடியாமல் போனது. பெங்களூரில் வேலையிலிருக்கும் மகன் அகரன், போதும் விட்டுவிடுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொன்னது அப்போதுதான் அவர் காதில் ஏறியது. செல்போன் கடை போட ஒருவர் இடத்தைக் கேட்டு வந்திருந்தார். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மாடி வீட்டைப் பார்த்துப் பேசி முடித்தார்கள். வீட்டுக்காரம்மாள் குழாயைத் திறந்து காட்டினாள், ஜன்னலைத் திறந்து காட்டினாள். கல்யாணசுந்தரி எதையும் பார்க்கவில்லை. படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கையை எடுக்க மனம் வராமல் அவள் நின்றதைப் பார்த்து, சுண்ணாம்பு ஒட்டுமே என்று வீட்டுக்காரம்மாள் பயந்துபோனாள்.

அந்த சந்தோஷத்தில்தான் இந்தத் தட்டு. சந்தோஷம் வந்தால் மனுஷருக்குக் கொஞ்சம் புத்தி மழுங்கும் என்பதற்குக் கல்யாணசுந்தரி அன்று நல்ல சாட்சி. தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இந்து வீடு, முஸ்லிம் வீடு, வேதக்கார வீடு என்று வித்தியாசமில்லாத வழக்கம். பலகாரம் வந்த தட்டை யாரும் வெறுந்தட்டாகத் திருப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இவளும் வாசலில் நின்று, அவர்கள் போடும் சீனியை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் கணக்கு அன்றே தீர்ந்திருக்கும். இவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "தட்ட அப்பறமா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடினாள். இப்படித் தெரு முழுக்க அவளுடைய தட்டுகள் தங்கிப்போயின. ஒவ்வொரு வீட்டிலும், இதற்கு என்ன திருப்பிச் செய்வது என்ற யோசனையும் கூடவே தங்கியது.

கடைசியாக, லாத்தா என்று அக்கா முறையில் அவள் கூப்பிடும் எதிர்வீட்டு நபீசாவுக்கு வைத்தாள். பேக்கரிக் கட்டடம் நபீசாவின் தம்பி ஆபித்துடையது. அவர் பிரான்சில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. நபீசாவின் பிள்ளைகளும் அங்கேதான். புருஷனும் தவறிப்போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் நபீசா மட்டும் இருந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு, ரொட்டியைப் பார்க்காமல் கல்யாணசுந்தரியின் முகத்தையே பார்த்தாள். "போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு இவள் சிட்டாகப் பறந்தாள்.

தெருவில் ரஞ்சித்குமார் என்று ஒருவர் உண்டு. அரசாங்க உத்தியோகம், அது போக மிச்ச நேரத்தில் ஊர்க்காரியம். கோயில் திருவிழாவானாலும் கொசு மருந்தானாலும் அவர் பெயர் இல்லாமல் நடக்காது. அவர் தனக்கு வந்த தட்டைப் படம் பிடித்து, தன் பால்யத்தின் வாசனை அணையப்போகிறது என்று எழுதி, ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். அவர் வீட்டில் நாலைந்து வருஷமாக சூப்பர் மார்க்கெட் பாக்கெட் ரொட்டிதான் என்பது கல்யாணசுந்தரிக்குத் தெரியும். பிளாஸ்டிக் உறை குப்பைக்கூடையில் கிடப்பதைத் தினமும் பார்க்கிறவள். ஆனாலும் அந்தப் பதிவு காட்டுத்தீயாகப் பரவியது. சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஆட்கள் அழுதார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாங்கித் தின்ற தேங்காய் பன்னை ஒருவர் நினைவுகூர்ந்தார். பிள்ளை பெற்றுக் கிடந்தபோது பாலில் நனைத்துக் கொடுத்த ரஸ்க்கை ஒரு அம்மாள் நினைவுகூர்ந்தாள். உள்ளூர்க்காரர்கள் நேரிலேயே வந்து, அடுப்புப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பன் வாங்கிப் போனார்கள். இந்த ஜனங்களெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று கல்யாணசுந்தரிக்கு எரிச்சலாக வந்தது.

சிவநாதனுக்கு எரிச்சல் வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். படித்ததை அவளுக்கும் படித்துக் காட்டினார். மேல்சட்டை இல்லாமல் மாவுக்கையோடு நிற்கிறவர், காலையிலேயே குளித்துச் சட்டை போட ஆரம்பித்தார். யாராவது வந்தால் தன் அப்பா போலகம் கிராமத்தில் இருந்த நிலத்தை விற்று இந்தக் கடையைப் பிடித்த கதையை முதலிலிருந்து சொன்னார். முட்டி வலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாணசுந்தரி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே இதையெல்லாம் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரு முனையில் மேளம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ரஞ்சித்குமார் முன்னால் வர, பின்னால் பெண்கள் வரிசையாகத் தட்டுகளை ஏந்தி வந்தார்கள். எல்லாம் அவளுடைய தட்டுகள். ஒன்றில் பழம், ஒன்றில் பூ, ஒன்றில் மைதா, ஒன்றில் சீனி, ஒன்றில் வெண்ணெய். கடை வாசலில் ஒரு ஃபிளக்ஸ் கட்டினார்கள். அதில் கோட்டு சூட்டு போட்ட சிவநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டு யாருடையதென்று கடைசிவரை தெரியவில்லை. படத்துக்குக் கீழே, தொடரட்டும் உங்கள் சேவை என்று போட்டிருந்தது. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு நபீசா வந்தாள். அவள் கொண்டுவந்த தட்டில் ஒரு சேலையும் பேரீச்சம்பழமும், நடுவில் ஒரு செல்போனும் இருந்தன. போனில் ஆபித்தின் முகம். ரஞ்சித்குமார் அதை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

செல்போன் கடைக்கு இடம் கிடையாது என்று சொல்லிவிட்டதாக ஆபித் அங்கிருந்து சொன்னார். சிவநாதன் அண்ணன் இருக்கிற காலம் வரைக்கும் அடுப்பு எரிய வேண்டும், வாடகை என்று ஒரு பைசா வேண்டாம் என்றார். தெரு கைதட்டியது. சிவநாதன் பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நபீசா தட்டைக் கல்யாணசுந்தரியிடம் நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் திறந்தது. ஆனால் நீட்டிய தட்டை மறுத்து அவளுக்குப் பழக்கமில்லை. அந்தத் தெருவில் யாருக்குமே பழக்கமில்லை. கைகள் தாமாகவே நீண்டு வாங்கிக்கொண்டன. ஒருத்தி அதையும் வீடியோ எடுத்தாள். கொஞ்சம் சிரிங்க அக்கா என்றாள். கல்யாணசுந்தரி சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் ஒரே ஒரு தரம் கேட்டாள். "அந்த மாடி வீடு என்னங்க ஆவுறது?"

சிவநாதன் மைதாவை எந்த டப்பாவில் கொட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஜனம் இவ்ளோ ஆசயா சொல்லுது கல்யாணி. எடுத்தெறிஞ்சு பேச முடியுமா? கொஞ்ச நாள் ஓட்டுவோம். அந்த வீடு எங்க ஓடிடப் போவுது?"

வீடு ஓடித்தான் போனது. மறுநாளே வேறு யாருக்கோ விட்டுவிட்டதாக வீட்டுக்காரம்மாள் போனில் சொன்னாள். கூடவே, உங்கள் வீடியோவைப் பார்த்தேன், அழுதுவிட்டேன், கடையை மட்டும் மூடிவிடாதீர்கள் என்றும் சொன்னாள். கல்யாணசுந்தரி போனை வைத்தாள். அடுப்புப் பக்கம் சிவநாதன் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தெருவைக் கடந்தாள். ஒரு வீட்டுக்குக் கையில் எதுவுமில்லாமல் அவள் போவது அதுதான் முதல் தடவை.

நபீசா கூடத்தில் தனியாக உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வா என்றாள். கல்யாணசுந்தரி உட்காரவில்லை.

"எனக்கு அந்தக் கட வேணாம், லாத்தா."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்று. தெரியாமல் செய்துவிட்டேனே, எனக்குத் தோன்றவே இல்லையே என்று நபீசா பதறுவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதையும் மனதில் அடுக்கி வைத்திருந்தாள். நபீசா வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ தட்டெடுத்துக்கிட்டு வந்தப்பவே தெரியும். இத்தன வருசத்துல ஒன் மொகத்துல அப்புடி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. நீ படி எறங்குன ஒடனே தம்பிக்குப் போன் போட்டேன்."

கல்யாணசுந்தரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது அடைத்துக்கொண்டது. "தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"இந்த வீட்ட விட்டு எல்லாரும் சிரிச்சிக்கிட்டுத்தான் போனாங்க," என்றாள் நபீசா. "ஒருத்தரையும் தடுக்க முடியல. ஒன்னத்தான் முடிஞ்சுது."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கண் கலங்கவும் இல்லை. ரொட்டித் துண்டு டீக்குள் விழுந்துவிட்டது. விரலை விட்டு அதை எடுக்கப் பார்த்தாள், அது கரைந்துபோனது. கல்யாணசுந்தரிக்கு அந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. காட்டுக்கத்தலாகக் கத்த வேண்டும் போலவும் இருந்தது. கத்தினால் கேட்க அந்த வீட்டில் நபீசாவைத் தவிர யாருமில்லை. மேலே சாத்திக் கிடந்த அறைகளை அண்ணாந்து பார்த்தாள்.

திரும்பி வாசலுக்கு வந்தாள். ஒரு செருப்பை மாட்டினாள். அந்தப் பக்கம் யாரோ இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு ஃபிளக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சிவநாதன் வெளியே வந்து அவர்களை உள்ளே கூப்பிட்டார். பிறகு தெருவில் இப்படியும் அப்படியும் பார்த்து, கல்யாணி, கல்யாணி என்று சத்தம் கொடுத்தார். எதிர்வாசலில் அவள் நிற்பது அவர் கண்ணில் படவில்லை.

உள்ளே நபீசா எழுந்து போய் இன்னொரு டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. டீயை ஆற்றும் சத்தம் கேட்டது. பிறகு, நாற்காலி ஒன்றைத் தரையில் இழுத்துப் போடும் சத்தம். சிவநாதன் மறுபடி கூப்பிட்டார். கல்யாணசுந்தரி இன்னொரு செருப்பின் மேல் காலை வைத்தபடி, அதை மாட்டாமல் நின்றுகொண்டிருந்தாள்.