கேட்டுக்கு வெளியே நாற்பது அடி

இருபத்திரண்டு வருஷமாகப் பெரியதம்பி லைசென்ஸ் இல்லாமல்தான் டிராக்டர் ஓட்டினான். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் ரோடு தோட்டத்து ரோடு, பாலம் தோட்டத்துப் பாலம். அங்கே வந்து எந்தச் சட்டமும் அவனிடம் அட்டையைக் காட்டு என்று கேட்டதில்லை. எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலையை ஏற்றினான், உர மூட்டையை ஏற்றினான், பிரசவ வலி கண்ட பெண்களையும் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வேன் நிற்கும் இடத்தில் விட்டான். அவன் சக்கரத்தில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் தோட்டத்தில் பாதியை வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்கு விற்றார்கள். நடுவே போன ரோட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தார் போட்டார்கள், வெள்ளைக் கோடு இழுத்தார்கள். மிச்சமிருந்த தோட்டத்துக்கு எல்லையாக ஓர் இரும்புக் கேட் வந்தது. கேட்டுக்கு உள்ளே தோட்டம், வெளியே சட்டம். முந்தாநாள் வரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய பாதையில் இன்றைக்குச் சக்கரத்தை வைத்தால் குற்றமாம். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

தோட்டத்துக் கிராணி அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டார்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள லைசென்ஸ் எடுத்துடு லா பெரியதம்பி. அதுவரைக்கும் கேட்டு வரைக்கும்தான் ஓட்டணும், அங்கேருந்து கண்ட்ராக்ட் லோரி ஏத்திக்கும். எடுக்கலன்னா ஒண்ணாந்தேதியிலேருந்து நீ புல்லு வெட்டு. மேனேஜர் வேற டிரைவர பாத்து வச்சிட்டாரு."

புல் வெட்டுவதைக் கேவலம் என்று பெரியதம்பி நினைக்கவில்லை. அவன் பெண்சாதி குஞ்சம்மா பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஆனால் நாற்பத்தெட்டு வயதில், குனிந்தால் நிமிர மாட்டேன் என்கிற இடுப்பை வைத்துக்கொண்டு புல்லு மேட்டில் நின்றால் ஆறு மாசம் தாங்க மாட்டான். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. தோட்டமே அவனை டிராக்டர் பெரியதம்பி என்றுதான் கூப்பிடும். டிராக்டரை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் பெரியதம்பி. அப்படி ஒருத்தனை அவனுக்கே பழக்கமில்லை.

ரோட்டுச் சின்னங்களின் படங்களைக் குஞ்சம்மா ஒவ்வொன்றாக நீட்ட, அடுப்படியில் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினான். கேள்விப் பரீட்சை பாஸ். ஓட்டிக் காட்டும் பரீட்சையில்தான் சனியன் பிடித்தது. அந்தச் சனியனின் பெயர் இராஜரட்ணம்.

இராஜரட்ணம் மலாக்கா டவுனில் லைசென்ஸ் பரீட்சை வைக்கும் அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் மூன்று கோடு திருநீறு. பரீட்சைக்கென்று அங்கே வைத்திருந்த டிராக்டரின் மட்கார்டில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து, மடியில் பரீட்சைப் படிவத்தை வைத்துக்கொண்டு, "எடும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

பரீட்சைக்கு ஓட்டிக் காட்டும் தெருவில் ஒரு மரத்தடி முனீஸ்வரர் இருந்தார். அது ஒன்று போதாதா? தோட்டத்தில் வண்டி ஓட்டுகிற எவனும் முனியைத் தாண்டும்போது இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடாமல் போக மாட்டான். அந்த நேரம் ஸ்டியரிங்கை முழங்காலால் பிடித்துக்கொள்வான். பெரியதம்பிக்கு அது மூச்சு விடுவது மாதிரி. கையைத் தூக்கினதே அவனுக்குத் தெரியாது.

"ரெண்டு கையையும் விட்டிட்டீர்," என்றார் இராஜரட்ணம். "பெயில்."

"சாமிங்கய்யா."

"சாமி லைசென்ஸ் கேக்கேல்லை. நீர்தான் கேட்டனீர்."

இரண்டாம் தடவை பெரியதம்பி புத்தியாக நடந்துகொண்டதாக நினைத்தான். கையை விடக் கூடாது, அவ்வளவுதானே? முனீஸ்வரருக்கு நேரே வண்டியை நிறுத்தி, கியரை எடுத்து, பிரேக்கை மிதித்து, அப்புறம் கும்பிட்டான். பின்னால் ஒரு பஸ்ஸும் மூன்று காரும் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. இராஜரட்ணம் பேனாவை மூடிவிட்டு, "காரணம் இல்லாமல் நடு ரோட்டில நிப்பாட்டினது. பெயில்," என்றார். அந்தத் திருநீற்றைப் பார்க்கப் பார்க்கப் பெரியதம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இல்லாமலாம். இவரும் காலையில் கும்பிட்டுவிட்டுத்தானே பூசியிருப்பார்.

மூன்றாவது பரீட்சை மாசக் கடைசி வியாழக்கிழமை விழுந்தது. அதை விட்டால் வேறு நாள் இல்லை.

"மனசுக்குள்ள கும்பிடுங்க. முனி கோவிச்சுக்காது," என்றாள் குஞ்சம்மா. "கோவிச்சா என் பேர சொல்லுங்க, நான் பேசிக்கிறேன். கைய மட்டும் எடுத்தீங்க, வீட்டுக்கு வராதீங்க."

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பழம் உதிர்கிற வாரம் என்பதால் ஞாயிறும் வேலை நடந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் பெரியதம்பி குலை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். கண்ட்ராக்ட் லோரி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. டிரெய்லரைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவன், வெளியே ரோட்டைப் பார்த்தான். கேட்டிலிருந்து நாற்பது அடியில் ஒரு நீலக் கார், மூக்கை ரோட்டோர லோங்காங் வாய்க்காலில் சொருகிக்கொண்டு, பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் குடை பிடித்து நின்றாள். காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவர் இராஜரட்ணம்.

பெரியதம்பிக்கு வந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? தண்ணீர் இனித்தது. கேட்டில் சாய்ந்து நின்று பார்த்தான்.

இராஜரட்ணமும் அவனைப் பார்த்துவிட்டார். "எதிர்ல வந்த லொறி ஒதுங்கேல்லை," என்றார், யாரோ கேட்டதுபோல. "அலோர் காஜாவில கலியாணம். முகூர்த்தம் தப்பப் போகுது. உம்மட டிராக்டரைக் கொண்டுவந்து இதைப் பின்னுக்கு இழுத்துவிடும்."

"என்கிட்ட லைசென்ஸ் இல்லீங்க."

"அது எனக்குத் தெரியும்."

"ஐயாவுக்குத் தெரியாம இருக்குமா? இது ரோட்டு. போலீசு புடிச்சா, வியாழக்கிழமை டெஸ்ட்ல உக்காரவே முடியாது. என் வேலையே போயிடும். டோவிங் லோரிக்குப் போன் போடுங்க."

"ஞாயிற்றுக்கிழமை எவன் வருவான்?"

குடை பிடித்த அம்மாள் கேட்டுப் பக்கம் நடந்து வந்தாள். அவருடைய மனைவி மனோரஞ்சிதம். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "தம்பி, கொஞ்சம் தண்ணி இருந்தாத் தாங்கோ," என்றாள். பெரியதம்பி பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தான். அந்தம்மாள் குடித்த வேகத்தைப் பார்த்ததும் அவன் கோபம் கொஞ்சம் இளகியது.

இராஜரட்ணமும் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தினார். "பாரும், நாற்பது அடிதானே. நான் நிக்கிறன். ஆரும் கேட்டால் நான்தான் கூப்பிட்டனான் எண்டு சொல்லுறன். நான் பொறுப்பு."

அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது பெரியதம்பிக்கு வேறு கணக்கையும் கிளப்பிவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், சொன்னால் சொன்னதுதான். வியாழக்கிழமை மட்கார்டில் உட்காரும்போது இன்றைக்கு இழுத்துவிட்டதை மறந்தா போவார்? அவன் ஆசைப்பட்டான். அதுதான் அவன் செய்த தப்பு, வேறு ஒன்றும் இல்லை.

கேட்டைத் திறந்து டிராக்டரை வெளியே கொண்டுபோனான். சங்கிலியைக் காரின் பின்பக்கம் மாட்டினான். ஒரே இழுவை, முட்டாமல் மோதாமல், கார் லோங்காங்கை விட்டு ஏறி ரோட்டில் நின்றது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் ஓடியது, ஒரு சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. இனி அதை ஓட்ட முடியாது. கேட்டுக்குள்ளே நிழலுக்கு இழுத்துவிடலாம் என்று பெரியதம்பி கியரைப் போடும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

மலாய்க்காரப் போலீஸ்காரர், இளவயது. இறங்கி, காரைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், நேராகப் பெரியதம்பியிடம் வந்து கையை நீட்டினார். "லெசேன்?"

பெரியதம்பி இராஜரட்ணத்தைப் பார்த்தான்.

இராஜரட்ணம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, சுத்தமான மலாயில், தான் யார், என்ன உத்தியோகம் என்று சொன்னார். போலீஸ்காரர் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். "இவனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"இல்லை," என்றார் இராஜரட்ணம். "இரண்டு முறை நானே பெயில் ஆக்கியிருக்கிறேன்."

"அப்படியானால் நீங்கள்தான் இவனை இழுக்கச் சொன்னீர்களா?"

அந்த ஒரு கணம், ஆமாம் என்றால் போய்விடக்கூடிய பென்ஷன் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நான் கேட்கவில்லை," என்றார். "அவனாகத்தான் வந்து இழுத்தான்."

பெரியதம்பிக்கு மலாய் நன்றாகத் தெரியும். தோட்டத்துக்காரனுக்கு என்ன தெரியும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. கையை விட்டதற்குப் பெயில் போட்ட மனுஷன், நிறுத்தியதற்குப் பெயில் போட்ட மனுஷன், இம்மிகூட விட்டுக்கொடுக்காத மனுஷன், அவன் முகத்துக்கு நேரே நின்று புளுகுகிறார்.

"ஏனப்பா பொய் சொல்லுறியள்?" என்று மனோரஞ்சிதம் தமிழில் கேட்டாள். போலீஸ்காரருக்குப் புரியவில்லை. இராஜரட்ணம் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர்தாங்க என்னைக் கூப்பிட்டார்," என்று பெரியதம்பி மலாயில் சொன்னான். போலீஸ்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதிகாரி ஒன்று சொல்ல, லைசென்ஸ் இல்லாதவன் ஒன்று சொன்னால் எது எழுத்தில் ஏறும்? சம்மன் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். டிராக்டரையும் காரையும் அரை மணி நேரத்தில் ரோட்டை விட்டு அகற்ற வேண்டும், லைசென்ஸ் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும், திரும்பி வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது. வெயில் மட்டும் அடித்தது.

"வியாழக்கிழமை வந்து வீணா அலையாதையும்," என்றார் இராஜரட்ணம் கடைசியில். "வழக்கு முடியுமட்டும் டெஸ்டுக்கு எடுக்க ஏலாது. சட்டம் அப்பிடி."

இதையும் சொல்ல அவருக்கு வாய் வந்தது, பாருங்கள். பெரியதம்பி சம்மனை நாலாக மடித்தான். என்ஜினை நிறுத்தி, டிராக்டரிலிருந்து இறங்கினான்.

"ஐயாதான் லைசென்ஸ் உள்ளவரு. ஏறுங்க."

வேறு வழி இல்லை. இராஜரட்ணம் வெள்ளைக் கால்சட்டையோடு, எண்ணெய் படிந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். என்ஜின் இருமி நின்றது. மறுபடி திருப்பினார், மறுபடி நின்றது. அது பெரியதம்பியின் வயதுக்குப் பாதி வயதான டிராக்டர். டீசல் குழாயில் ஒரு திருகை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிளச்சைப் பாதி மிதித்து, அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும். தோட்டத்தில் அது பெரியதம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். இராஜரட்ணம் ஐந்து தடவை திருப்பினார். ஆறாவது தடவை அது உயிர் வந்ததுபோல் ஒரு குதி குதித்து, சங்கிலி விறைத்து, காரின் பின் பம்பரைப் பிய்த்துக்கொண்டு நின்றுபோனது. பம்பர் ரோட்டில் விழுந்த சத்தத்துக்கு மனோரஞ்சிதம் குடையைக் கீழே போட்டுவிட்டாள்.

"தம்பி," என்றார் இராஜரட்ணம். இரண்டு பரீட்சையிலும் அவர் வாயில் வராத தம்பி. "இது எப்பிடி ஸ்டார்ட் பண்ணுறது? கொஞ்சம் சொல்லித் தாரும். அந்த ஆள் திரும்பி வரப் போறான்."

மனோரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தபோது பெரியதம்பிக்கு ஒரு நிமிஷம் மனசு கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அப்புறம் மடித்த சம்மன் விரலில் உறுத்தியது.

"யாரும் என்னைக் கூப்பிடலீங்கய்யா. நானா வந்தேன்," என்றான். "நானா போறேன்."

கேட்டுக்குள் நடந்தான். பின்னால் சாவி திரும்பும் சத்தமும் என்ஜின் இருமும் சத்தமும் வெகுநேரம் கேட்டன. இருபத்திரண்டு வருஷம் தன் கைக்கு மட்டும் பணிந்த வண்டி, வேறொருத்தனுக்குப் பணிய மாட்டேன் என்று நிற்பது அவனுக்குக் குளிர்ச்சியாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

லயத்து வீட்டுக்கு நடந்துபோய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. குஞ்சம்மா வாசலில் நின்று, டிராக்டர் சத்தம் இல்லாமல் வருகிறவனைப் பார்த்தாள். பெரியதம்பி அவளுடைய புல்வெட்டுக் கத்தியை எடுத்து வரச் சொன்னான். அதை வாங்கி, பிடி தன் உயரத்துக்குப் போதுமா என்று குனிந்து பார்த்தான்.